பக்கத்து ஊருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் பிரயாணம்: சுகம் எவ்வளவு? ஆபத்து எவ்வளவு?

மோட்டார் சைக்கிளுக்கு வரி குறைந்தது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி முதல், 350 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம் ஆயிற்று. வரி இல்லாமல் ஒரு லட்சம் ரூபாய் விலை உள்ள வண்டிக்கு, வரி மட்டும் 28 ஆயிரம் கட்ட வேண்டி இருந்தது. அது 18 ஆயிரமாகக் குறைந்தது.

பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்றால் லேசான காரியமா? தவணையில் வண்டி வாங்கும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை.

இந்த வரிக் குறைப்புக்கு முன்பே வண்டிகளின் விற்பனை கொடிகட்டிப் பறந்தது. 2024-25-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1 கோடியே 96 லட்சம் இரு சக்கர வண்டிகள் விற்பனை ஆயின.

வண்டி வாங்கியாகிவிட்டது. வாரம் ஆறு நாள் அது அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வேலைக்குப் போய் வருகிறது. ஏழாவது நாள் என்ன செய்வது? "எங்கேயாவது போய்விட்டு வரலாமே!" என்ற ஆசை பிறக்கிறது.

அந்த ஆசை நியாயமானது. ஆனால் அதற்குள் ஒரு கேள்வியும் இருக்கிறது. எவ்வளவு தூரம் போகலாம்? யார் யார் போகலாம்? எப்படிப் போகலாம்?

புல்லட் வளர்ந்த பூமி

மோட்டார் சைக்கிளுக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு.

இங்கிலாந்தில் தயாரான "ராயல் என்பீல்டு" கம்பெனியின் புல்லட் வண்டி, 1949-இல் "மெட்ராஸ் மோட்டார்ஸ்" கம்பெனி மூலம் இந்தியாவுக்கு வந்தது. மலைப் பிரதேசங்களில் ரோந்து போக அது ஏற்றது என்று இந்திய ராணுவம் கண்டது. 1955-இல் "என்பீல்டு இந்தியா" கம்பெனி தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது.

முதலில் பாகங்கள் இங்கிலாந்தில் இருந்து வந்தன. இங்கே பொருத்தினார்கள். பிறகு முழு வண்டியையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

வேடிக்கை என்ன தெரியுமா? தாய் நாடான இங்கிலாந்தில் ராயல் என்பீல்டு வண்டிகளின் உற்பத்தி 1970-இல் நின்றுவிட்டது. திருவொற்றியூரில் நிற்கவில்லை! 2013-இல் ஒரகடத்தில் பெரிய தொழிற்சாலையும் வந்தது.

புல்லட்டுக்குத் துணையாக மைசூரில் இருந்து ஜாவா வந்தது. பின்னர் ஓசூரில் இருந்து 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. அதுதான் ஏழைக் குடும்பத்தையும் சைக்கிளில் இருந்து இறக்கி, எஞ்சின் வண்டியில் ஏற்றியது. 1985-இல் ஹீரோ ஹோண்டா வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலில் வெகு தூரம் ஓடியது.

ஒரு காலத்தில் பணக்காரர் வீட்டு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள், இவ்வாறு தொழிலாளியின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

லடாக்கா? பூண்டியா?

இந்தக் காலத்து வாலிபர்களைக் கேட்டால், பலர் சொல்லும் ஊர் லடாக். இமயமலையில் 17,500 அடிக்கு மேல் உள்ள கர்துங் லா கணவாயில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களின் கனவு.

கனவு காண்பதில் தவறு இல்லை. ஆனால் சென்னையில் இருந்து அது 3,000 கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. போகவும் வரவும் பல வாரங்கள் வேண்டும். சம்பளத்தோடு அத்தனை நாள் லீவு யார் கொடுப்பார்கள்?

உலகமே பேசும் மோட்டார் சைக்கிள் பிரயாணம் ஒன்று உண்டு. 1952-இல் சேகுவேரா என்ற வைத்தியக் கல்லூரி மாணவரும், அவருடைய நண்பரும் தென் அமெரிக்காவைச் சுற்றிப் புறப்பட்டார்கள். பழைய "நார்ட்டன்" வண்டி. சிலி நாட்டுக்குள் போனதும் வண்டி கையை விரித்துவிட்டது! பாக்கித் தூரம் முழுவதும் லாரியிலும், கப்பலிலும், கால்நடையாகவும்தான் போனார்கள். பார்த்ததும் பழகியதும்தான் அந்தப் பிரயாணத்துக்குப் பெயர் வாங்கித் தந்தன. வண்டி அல்ல.

தூரம் போனால்தான் பிரயாணம் என்பது தவறான எண்ணம். இதைத் திருநின்றவூர்க்காரர்களுக்குச் சொல்லித் தரத் தேவை இல்லை.

அவர்கள் ஊரில் பிறந்தவர் பூசலார் நாயனார். சிவனுக்குக் கோயில் கட்ட அவருக்கு ஆசை. கையில் காசு இல்லை. மனத்துக்குள்ளேயே கல் கொண்டுவந்து, மனத்துக்குள்ளேயே கோபுரம் எழுப்பினார் என்பது வரலாறு. காஞ்சியில் கைலாசநாதர் கோயில் கட்டிய பல்லவ மன்னன், அதே நாளில் குடமுழுக்குக்கு நாள் குறித்தானாம். "அன்றைக்குத் திருநின்றவூரில் பூசலார் கோயிலுக்குப் போகிறேன். நீ வேறு நாள் பார்" என்று இறைவன் மன்னனின் கனவில் சொன்னதாகப் பெரிய புராணம் கூறுகிறது. இருதயாலீஸ்வரர் கோயில் இன்றும் அந்த ஊரில் இருக்கிறது.

அடுத்த தெருவில் உள்ளதையே கண் திறந்து பார்க்கிறவனுக்குப் பக்கத்து ஊரும் புது ஊர்தான்.

நாலு திசை, நாலு காட்சி

திருநின்றவூர் சென்னை சென்டிரலில் இருந்து ரெயில் பாதையில் சுமார் 29 கிலோ மீட்டர் தூரம். "திரு" என்னும் மகாலட்சுமி வந்து நின்ற ஊர் என்பதால் இந்தப் பெயர் என்பார்கள். பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாரின் திருநாமம் "என்னைப் பெற்ற தாயார்." இவ்வளவு அன்பான பெயர் வேறு எங்கே கிடைக்கும்?

இந்த ஊரில் இருந்து அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்கள் பல.

மேற்கே சுமார் 13 கிலோ மீட்டரில் திருவள்ளூர். அங்கே வீரராகவப் பெருமாள் கோயில். அமாவாசை அன்று ஊரே கொள்ளாத கூட்டம் வரும். அன்று வண்டியை உள்ளே ஓட்டிப் போக நினைப்பவர் வேர்த்து விறுவிறுத்துப் போவார். மற்ற நாட்களில் அமைதியாகத் தரிசிக்கலாம்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் பூண்டி ஏரி. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டது. 1944-இல் வேலை முடிந்தது. சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் பெயரால் "சத்தியமூர்த்தி சாகர்" என்று வழங்குகிறது. சென்னை ஜனங்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கே தங்கிப் போவதுதான். ஆந்திராவின் கண்டலேறு அணையில் இருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா தண்ணீரும் இங்கேதான் வந்து சேருகிறது. வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடசாலை இல்லை.

பூண்டிக்கு அப்பால் அத்திரம்பாக்கம். சின்னஞ்சிறு கிராமம். ஆனால் உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் அறிந்த ஊர். 1863-இல் ராபர்ட் புரூஸ் புட் என்ற நில ஆராய்ச்சியாளர் அங்கே ஆதி மனிதனின் கல் ஆயுதங்களைக் கண்டார். அவற்றில் பழைமையானவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். பூண்டியில் உள்ள தொல்பொருள் காட்சிச் சாலையில் இத்தகைய கற்கருவிகளைப் பார்க்கலாம். பார்க்கலாமே தவிர, வயலிலும் ஓடையிலும் கிடக்கும் கல்லைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது.

அந்தப் பக்கமே குடியம் குகைகள். அங்கே மோட்டார் சைக்கிளின் ஜம்பம் பலிக்காது! காட்டுப் பாதை. இறங்கி நடந்துதான் போக வேண்டும்.

வடக்கே பெரியபாளையம். பவானி அம்மன் கோயில். வேப்பிலை ஆடை உடுத்தி வேண்டுதல் செலுத்தும் தலம். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சாலையில் எள் போட்டால் எள் விழாது.

அரக்கோணம் போகும் பக்கத்தில் திருவாலங்காடு. நடராசருடைய ஐந்து சபைகளில் ரத்தின சபை இங்கே இருக்கிறது. காரைக்கால் அம்மையார் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து வந்த தலம் என்பது நம்பிக்கை. இன்னும் தூரம் போனால் திருத்தணி.

தெற்கே ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர்.

இத்தனை இடங்களும் காலையில் புறப்பட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக் கூடிய தூரம்தான்!

ஒரு லிட்டரில் ஒரு பிரயாணம்

செலவைக் கணக்குப் பார்க்கலாம்.

திருநின்றவூரில் இருந்து பூண்டிக்குப் போகவும் வரவும் ஏறக்குறைய 50 கிலோ மீட்டர். லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் ஓடும் வண்டி என்றால் ஒரே ஒரு லிட்டர் பெட்ரோல் போதும். 2024-இல் சென்னையில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டி இருந்தது. ஆகவே நூறு ரூபாய்ச் செலவு. கட்டுச் சாதம் வீட்டில் இருந்தே வந்துவிடும்.

ஓட்டல் அறை வேண்டாம். லீவு வேண்டாம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஏரிக் கரையில் கொக்கு நிற்பதைப் பார்க்கலாம். வயலில் நாற்று நடுவதைப் பார்க்கலாம். பஸ்ஸில் போனால் இதெல்லாம் ஜன்னலில் ஓடி மறையும்.

பக்கத்து ஊருக்குப் போவதில் உள்ள சுகம் இதுதான். நிறுத்துவதில்தான் சுகம். ஓட்டுவதில் பாதி சுகம்.

வண்டியில் இரண்டு இடம். வீட்டில் நான்கு பேர்

இனி எல்லைகளைப் பார்ப்போம்.

முதல் எல்லை இருக்கை. மோட்டார் சைக்கிளில் இரண்டே பேர் போகலாம். வீட்டிலோ அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். என்ன செய்கிறார்கள்? பெட்ரோல் டாங்கு மேல் ஒரு பிள்ளை. நடுவில் ஒரு பிள்ளை. பின்னால் அம்மா, ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் சாப்பாட்டுப் பை. அப்பா தலையில் மட்டும் ஹெல்மெட். சில சமயம் அதுவும் கைப்பிடியில் தொங்கும்!

இது ஆசையினால் மட்டும் வருவது அல்ல. காருக்கு வசதி இல்லை. பஸ் நேரத்துக்கு வருவது இல்லை. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகவும் மனம் இல்லை. ஏழைத் தகப்பனின் சங்கடம் அது.

ஆனாலும் ரோடு யாருடைய சங்கடத்தையும் பார்ப்பது இல்லை.

சட்டம் இதில் கண்டிப்பாக இருக்கிறது. ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம். 2023-இல் கேரளத்தில் இந்தப் பேச்சு எழுந்தது. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தையை மூன்றாவது ஆளாக ஏற்றிக்கொள்ள விலக்கு அளிக்க வேண்டும் என்று மத்திய சர்க்காரைக் கேட்டார்கள். மத்திய சர்க்கார் மறுத்துவிட்டது.

காரணம் எளிது. டாங்கு மேல் உட்கார்ந்த பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. திடீரென்று பிரேக் போட்டால், அப்பாவின் உடம்பு முழுவதும் அந்தப் பிஞ்சு உடம்பின் மேல் சாயும்.

நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 2023 பிப்ரவரி முதல் தனி விதி உண்டு. குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும். ஓட்டுகிறவருடன் சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது.

"பக்கத்தில்தானே போகிறோம்!"

இரண்டாவது எல்லை மனத்தில் இருக்கிறது.

லடாக்குக்குப் போகிறவர் என்ன செய்கிறார்? ஒரு மாதம் முன்பே வண்டியை மெக்கானிக்கிடம் விடுகிறார். டயர் மாற்றுகிறார். கனமான சட்டை, கையுறை, பூட்ஸ், விலை உயர்ந்த ஹெல்மெட் எல்லாம் வாங்குகிறார்.

பூண்டிக்குப் போகிறவர்? லுங்கியை மடித்துக் கட்டுகிறார். ரப்பர் செருப்பை மாட்டுகிறார். "பக்கத்தில்தானே!" என்கிறார்.

அந்த ஒரு வார்த்தைதான் எமன்.

தார் ரோட்டுக்குத் தூரம் தெரியாது. வீட்டில் இருந்து மூன்றாவது கிலோ மீட்டரில் விழுந்தாலும் தலை தலைதான். ரோடு அதே ரோடுதான்.

2022-ஆம் ஆண்டுக் கணக்கை மத்திய சர்க்கார் வெளியிட்டது. அந்த ஒரே ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாள் ஒன்றுக்குச் சராசரியாக 460 பேருக்கு மேல்! இவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள்.

ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். அவர்கள் வண்டி ஓட்டவில்லை. நம்பி ஏறியவர்கள்!

விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதல் இடம் எந்த மாநிலத்துக்கு? நம் தமிழ்நாட்டுக்குத்தான். 64,105 விபத்துகள். 17,884 பேர் உயிர் இழந்தார்கள்.

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு ஆராய்ச்சி 2008-இல் வெளியாயிற்று. ஹெல்மெட் அணிந்தால் சாகும் அபாயம் சுமார் 42 சதவீதமும், தலையில் காயம் படும் அபாயம் சுமார் 69 சதவீதமும் குறையும் என்று அது கண்டது.

ஹெல்மெட்டிலும் அசல், போலி உண்டு. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கக் கூடாது. ரோட்டோரத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று முத்திரை இல்லாததை வாங்கினால், அது போலீசுக்குக் காட்டத்தான் உதவும். தலைக்கு உதவாது. தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் நல்ல ஹெல்மெட்டும் பறந்துவிடும்.

வேகத்தின் கணக்கு

மூன்றாவது எல்லை வேகம்.

திருநின்றவூரில் இருந்து பூண்டி 25 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் 37 அல்லது 38 நிமிஷம். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் 25 நிமிஷம். மிச்சம் ஆவது எவ்வளவு? பன்னிரண்டரை நிமிஷம்! ஒரு காபி குடிக்கும் நேரம்.

அந்த நேரத்துக்குக் கொடுக்கும் விலை என்ன?

எதிரே ஒரு மாடு குறுக்கிடுகிறது. கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகும். பிறகு வண்டி நிற்க வேண்டும். நல்ல பிரேக், உலர்ந்த ரோடு. 40 கிலோ மீட்டர் வேகத்தில் வந்த வண்டி சுமார் 20 மீட்டரில் நிற்கும். 60 கிலோ மீட்டர் வேகம் என்றால் சுமார் 40 மீட்டர் வேண்டும். 80 என்றால் 60 மீட்டருக்கு மேல் வேண்டும்.

வேகம் இரண்டு மடங்கு ஆனால், நிற்கும் தூரம் மூன்று மடங்கு ஆகிறது. மாடு அவ்வளவு தூரம் தள்ளி நிற்குமா?

மழை பெய்தால் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும். மணல் லாரி சிந்திய மணல், வெள்ளைக் கோடு அழிந்த வேகத் தடை, மழை நீர் மூடிய பள்ளம் எல்லாம் பக்கத்து ஊர் ரோட்டில்தான் அதிகம். வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் பூண்டியில் இருந்து உபரித் தண்ணீர் திறந்துவிட்டால், கொசஸ்தலை ஆற்றின் தாழ்ந்த பாலங்களில் வெள்ளம் ஓடும். அப்போது "இதோ கடந்துவிடலாம்" என்று வண்டியை இறக்குவது உயிரோடு விளையாடுவது ஆகும்.

பார்க்கப் போனார்களா? பார்க்க வைக்கப் போனார்களா?

இந்தக் காலத்தில் புதிதாக ஒரு மோகம் வந்திருக்கிறது. ஹெல்மெட்டில் காமிராவை மாட்டிக்கொள்கிறார்கள். ஓட்டுவதைப் படம் எடுத்து யூடியூபில் போடுகிறார்கள்.

ஊரையும் ரோட்டையும் காட்டினால் நல்லது. முன் சக்கரத்தைத் தூக்கிச் சாகசம் காட்டினால்?

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே, சென்னை-வேலூர் நெடுஞ்சாலையில் நடந்ததை நாடே பார்த்தது. லட்சக்கணக்கான வாலிபர்கள் பின்பற்றிய ஒருவர், ஓடும் வண்டியின் முன் சக்கரத்தைத் தூக்கினார். வண்டி தூக்கி எறிந்தது. கை முறிந்தது. போலீசார் கைது செய்தார்கள். ஜாமீன் கேட்டபோது ஐகோர்ட்டு கடுமையாகக் கண்டித்தது. பத்து ஆண்டுகளுக்கு அவருடைய டிரைவிங் லைசென்சை ரத்து செய்தார்கள்.

அவர் உயிர் பிழைத்தார். அவரைப் பார்த்து அதே போல் செய்யும் பையனும் பிழைப்பான் என்று யார் சொல்ல முடியும்?

திருநின்றவூருக்குப் பக்கத்தில் நெமிலிச்சேரி வழியே வெளிவட்டச் சாலை போகிறது. வண்டலூரில் இருந்து மீஞ்சூர் வரை 62 கிலோ மீட்டர். அகலமான ரோடு. அந்த அகலத்தைக் கண்டதும் கை தானாக முறுக்கும். அங்கே அடக்கம் வேண்டும்.

பதினெட்டு வயது ஆகாத பையனிடம் மோட்டார் சைக்கிளின் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2019-இல் திருத்திய சட்டப்படி, அவன் குற்றம் செய்தால் பெற்றோர் பொறுப்பு. 25 ஆயிரம் ரூபாய் அபராதம். மூன்று ஆண்டு வரை ஜெயில். செல்லம் கொடுப்பதற்கும் ஒரு அளவு உண்டு!

ரெயிலும் உண்டு அல்லவா?

அப்படியானால் நான்கு பேர் உள்ள குடும்பம் எங்கும் போகக் கூடாதா? தாராளமாகப் போகலாம்.

திருநின்றவூரில் மின்சார ரெயில் நிற்கிறது. அந்த ரெயிலில் திருவள்ளூருக்கும், அரக்கோணத்துக்கும், திருத்தணிக்கும் போகலாம். மோட்டார் சைக்கிளுக்குப் போடும் பெட்ரோலைவிட டிக்கெட்டுக்குக் குறைவாகவே ஆகும். வெயில் இல்லை. முதுகு வலி இல்லை. பிள்ளைகள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வரலாம்.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பிரயாணத் திட்டம் தொடங்கியது. அம்மாவும் சிறிய பிள்ளையும் பஸ்ஸில் வரலாம். அப்பாவும் பெரிய பிள்ளையும் வண்டியில் வந்து ஏரிக் கரையில் சேர்ந்துகொள்ளலாம். இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

வயதான தாய் தந்தையரை வண்டியின் பின்னால் ஏற்றி 50 கிலோ மீட்டர் குலுக்கிக்கொண்டு போவதும் சரி அல்ல. திருத்தணி முருகன் ரெயிலில் வந்தவரையும் வரவேற்பான்.

மோட்டார் சைக்கிள் இருவருக்கு உரிய வண்டி. புதிதாக மணமான தம்பதிகள், இரண்டு நண்பர்கள், தகப்பனும் வளர்ந்த மகனும், தாயும் கல்லூரிக்குப் போகும் மகளும் போக அது மிக ஏற்றது. இதை ஒப்புக்கொண்டால் பாதி ஆபத்து அப்போதே நீங்கிவிடும்.

புறப்படும் முன்

பக்கத்து ஊருக்குப் போகிறவர்களும் கவனிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

டயரில் காற்று, பிரேக், விளக்கு, சங்கிலி நான்கையும் முதல் நாள் மாலையே பார்க்க வேண்டும்.

காலை ஐந்தரை, ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும். வெயில் ஏறும் முன் வீடு திரும்பலாம். இருட்டிய பிறகு விளக்கு இல்லாத லாரியும், படுத்துக் கிடக்கும் மாடும் கண்ணுக்குத் தெரியாது.

செருப்புக்குப் பதில் ஷூ நல்லது. சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். பின் சக்கரத்தில் மாட்டினால் ஒரு நொடியில் விபரீதம் நேரும்.

முக்கால் மணிக்கு ஒரு முறை நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டும். குடி என்றால் தண்ணீர் மட்டும்தான். ஏரிக் கரையில் பாட்டிலை உடைத்துப் போடுவதும், சைலன்சரைக் கழற்றிவிட்டுக் கிராமத்தை அலற வைப்பதும் பிரயாணம் ஆகாது. அது பிறர் வீட்டுத் திண்ணையில் ஏறி ஆடுவதற்குச் சமம்.

இன்சூரன்சைப் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சட்டத்துக்காக எடுக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், அதே வண்டியின் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்குப் பொருந்தாது என்று 2006-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. ஆகவே மனைவியையோ மகளையோ ஏற்றிச் செல்கிறவர், பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வழியில் யாராவது விழுந்து கிடந்தால் ஒதுங்கிப் போகக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். உதவி செய்தவரை வழக்கில் சிக்க வைக்கக் கூடாது என்று 2019-இல் திருத்திய சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் "நம்மைக் காக்கும் 48" திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது.

எல்லை தெரிந்தால் சுகம்

மோட்டார் சைக்கிள் கெட்டது அல்ல. அது இல்லாவிட்டால் பல குடும்பங்களில் அடுப்பு எரியாது. வாரம் முழுவதும் உழைத்தவர் ஒரு காலைப் பொழுது காற்று வாங்கப் போவதையும் யாரும் குறை சொல்ல முடியாது.

லடாக்குக்குப் பணம் சேரும்போது சேரட்டும். அதுவரை பூண்டித் தண்ணீரும், அத்திரம்பாக்கத்துக் கல்லும், திருவாலங்காட்டு ஆடலரசனும் காத்திருக்கிறார்கள். நூறு ரூபாய்க்கு இவ்வளவு காட்சி மலிவுதான்.

"பக்கத்தில்தானே!" என்று ஆசையோடு புறப்படலாம். "பக்கத்தில்தானே!" என்று ஹெல்மெட்டை மட்டும் ஆணியில் மாட்டிவிட்டுப் போகக் கூடாது.

வீட்டு வாசலில் காத்திருக்கும் பிள்ளைக்கு அப்பா எவ்வளவு தூரம் போனார் என்பது முக்கியம் அல்ல. திரும்பி வந்தாரா என்பதுதான் முக்கியம்.